தமுக்கடித்தவனுக்குச் சேதி இல்லை

2025 சூன் மாதம் கூமாப்பட்டிக்குத் திடீரென்று ஒரு பவுசு வந்தது. மேற்குமலை அடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம் கிடக்கிற ஊர். வயலும் தென்னந்தோப்பும் பிளவக்கல் அணையும் உள்ள ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்து, எங்க ஊருக்கு வாங்க என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்குத் தமிழ் பேசுகிறவன் கையில் இருந்த கைப்பேசியிலெல்லாம் கூமாப்பட்டி. வண்டி பிடித்துக்கொண்டு கூட்டம் வந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கே வழி தெரியாத ஊருக்கு வெளியூர்க்காரன் வழி சொன்னான்.

சந்தோசம். ஒரு சேதி நாலைந்து நாளில் கடல் தாண்டிப் போகிற காலம் இது. நான் கேட்பது வேறு. எங்க ஊர் கூமாப்பட்டியிலிருந்து சைக்கிள் மிதித்துப் போகிற தூரத்தில்தான் இருக்கிறது. (பேர் எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு எங்க சனத்தைக் களையெடுப்புக்குக் கூப்பிட மாட்டார்கள்.) அங்கே ஊராட்சி அலுவலகத்துக்கும் எங்க தெருவுக்கும் நடுவில் ஒரு முந்நூறு எட்டு இருக்கும். நாளைக்குக் கிராம சபை கூடுகிறது என்ற சேதி இந்த முந்நூறு எட்டை நடந்து கடக்க எத்தனை நாள் ஆகும்? சில சமயம் கூட்டம் முடிந்த மறுநாள் வந்து சேரும். சில சமயம் வரவே வராது. கையெழுத்து வாங்குகிற நோட்டு மட்டும் வரும்.

ஊராட்சிச் சேதி என்று பேச்செடுத்தால் நம்ம ஆட்களே சிரிக்கிறார்கள். தெருவிளக்கு, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, வீட்டு வரி, இதில் என்னப்பா தத்துவம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது தோழர்களே. அதைச் சொல்ல எங்க அய்யாவின் தமுக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்க அய்யா, என்னைப் பெத்தவர், ஊருக்குத் தமுக்கடிச்சவர். அவருக்கு முன்னால் அவருடைய அய்யா. நான் ஆறு ஏழு வயசுப் பயலாக அவர் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். கர்ணமோ தலையாரியோ சொல்லி அனுப்புவார்கள். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். ஒவ்வொரு தெரு முக்கிலும் நின்று அடிப்பார். அடித்து நிறுத்திவிட்டு, 'இதனால் சகலமான பேருக்கும் அறிவிக்கிறது என்னன்னா' என்று குரல் எடுப்பார். கண்மாய் மீன்பாசி ஏலம், மடை திறக்கிற நாள், கிஸ்தி கட்டக் கடைசி நாள், மாட்டுக்கு ஊசி போடுகிறது, ஓட்டுப் போடுகிற நாள், கோயில் கொடியேற்றம், யாரோ வீட்டு ஆடு காணாமல் போனது. எல்லாம் அவர் தொண்டையில்தான் ஊருக்குப் போய்ச் சேரும். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பொடிப்பயல், என் வயசுக்காரன், 'ஏலே, என்னலே சேதி, மறுபடி சொல்லு' என்பான். 'சொல்றேன் சாமி' என்று எங்க அய்யா மறுபடி முதலிலிருந்து சொல்லுவார். அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் நெல் போடுவார்கள். கொடுக்கிற கையின் மனசுதான் அதற்கு அளவு.

அந்த ஊர் மொத்தத்துக்கும் அவர்தான் செய்தித்தாள், அவர்தான் வானொலி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊரின் எல்லாத் தெருவிலும் அடித்துவிட்டுச் சேரிக்குத் திரும்பும்போது தமுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். எங்க தெருவில் அடிக்க மாட்டார். அடிக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. மீன்பாசி ஏலத்தில் சேரிக்காரன் கேட்க முடியாது, அவனுக்கு எதற்குச் சேதி? மடை திறந்தால் அவனுக்கு வயல் இல்லை, அவனுக்கு எதற்குச் சேதி? 'சகலமான பேரு' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்ன மனுசன் அந்தச் சகலத்தில் இல்லை. அவர் பெண்டாட்டி இல்லை. நான் இல்லை.

இதுகூடப் பரவாயில்லை என்று சொல்ல வைக்கிற ஒன்று நடந்தது. எமர்சென்சிக் காலம். எங்க தெருவை ஒட்டி ஒரு புறம்போக்கு. எங்க சனம் அதிலேதான் களம் அடித்தது, அதன் வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கிப் போனது. ஒருநாள் கர்ணம் வீட்டிலிருந்து ஆள் வந்தது. இன்ன சர்வே நம்பரில் உள்ள புறம்போக்கை இன்னாருக்கு விடுவதில் ஆட்சேபணை உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியது என்று தமுக்கடிக்கச் சொன்னார்கள். அய்யாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. நம்பரை மனப்பாடம் பண்ணிக்கொண்டார். உச்சி வெயிலில், சேரிச் சனம் முழுக்க நடவில் நின்ற நேரத்தில், ஊர்த் தெருவில் அடித்துச் சொல்லிவிட்டு வந்தார். அடித்ததற்குச் சாட்சியாக ஒரு தாளில் கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள்.

கெடு முடிந்ததும் முள்வேலி போட வந்தார்கள். எங்க சனம் கூடிக் கத்தியது. எங்களைக் கேட்காமல் எப்படி என்று. அவர்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. 'தமுக்கடிச்சுத் தெரியப்படுத்தியாச்சு. யாரும் ஆட்சேபிக்கலை. வேணும்னா அடிச்சவனையே கேளுங்க.' அடித்தவன் யார்? எங்க அய்யா. எங்க பாதையை எடுத்துக்கொண்டதற்கு எங்க ஆள் ரேகைதான் சாட்சி. அவர் சத்தம் போட்டுச் சொன்ன நம்பர் அவர் அப்பனைப் புதைத்த இடத்துக்குப் போகிற வழி என்று அவருக்குத் தெரியாது. சொந்தச் சனமே அவர் முகத்தில் காறித் துப்பியது. அன்றைக்கு ராத்திரி தமுக்கைத் தூக்கிக் கண்மாயில் எறிந்தார். மூன்றாம் நாள் அவரே போய்த் தேடி எடுத்துவந்தார், நெல்லு வேண்டுமே.

இதை ஒரு கர்ணத்தின் சூழ்ச்சி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கர்ணம், மணியம் எல்லாம் 1980 நவம்பரில் ஒரு கையெழுத்தில் ஒழிந்துபோனார்கள். பரம்பரை போனது, வி.ஏ.ஓ. வந்தார். தமுக்கு போகவில்லை. அது சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆணை 21, விதி 54. ஒருவன் சொத்தைச் சப்தி செய்தால் அந்த இடத்திலேயே தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. யார் அடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வெள்ளைக்காரனுக்கும் இல்லை, அவனுக்குப் பிறகு வந்தவனுக்கும் இல்லை. ஊருக்குத் தெரியும் யார் அடிப்பான் என்று. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அரசாங்கத்தின் அறிவிப்பே தீண்டாமையின் தோளில் தொங்கிக்கொண்டுதான் தெருத்தெருவாகப் போனது.

இது எத்தனை காலம் தெரியுமா? 2022 ஆகஸ்டு வரை. அந்த மாதம்தான் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். தண்டோரா போடுகிற வழக்கம் இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள், தண்டோராவைக் கடுமையாகத் தடை செய்யுங்கள் என்று. நல்ல கடிதம். எழுதிய கைக்கு நன்றி சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். சுதந்திரத்துக்கு 75 வயது ஆன மாதத்தில் ஒரு கடிதம். வானொலி வந்து, தொலைக்காட்சி வந்து, ஊருக்கெல்லாம் இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்து, எல்லார் கையிலும் கைப்பேசி வந்து முடிந்த பிறகு ஒரு கடிதம்.

கடிதம் வந்ததும் இரண்டு பக்கத்திலிருந்து முணுமுணுப்பு. ஒரு பக்கம், 'மரபு போச்சே' என்கிறவர்கள். பறை தமிழன் கலையாயிற்றே, அதைத் தடை செய்வதா என்று கேட்கிறார்கள். இவர்கள் யாரும் பறையைத் தோளில் மாட்டியவர்கள் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் தலித் கலை விழாக்களில் பறை மேடை ஏறியதே, அதை ஏற்றியவர்கள் நாம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது நம்ம கலைஞனுக்குக் கிடைத்த மரியாதை, கொண்டாடுகிறோம். அவர் அடிக்கும்போது சனம் அவர் முகத்தைப் பார்க்கிறது. எங்க அய்யா அடித்தபோது யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் ஒரே அடி என்று சொல்கிறவன் காதில் ஏதோ கோளாறு. சாவுக்கு அடிக்க மாட்டோம், ஊருக்கு அடிக்க மாட்டோம் என்று தென்னாற்காட்டில் இளையபெருமாள் தலைமையில் நம்ம சனம் பறையை மறுத்துப் போராடியதும் இதே பறைக்குத்தான்.

இன்னொரு பக்கம், 'அடித்துப் பிழைத்தவன் வயிற்றில் மண் விழுந்ததே' என்கிற பரிதாபக்காரர்கள். அப்படி அக்கறை இருந்தால் ஒலிபெருக்கி வண்டிக்கு ஓர் அறிவிப்பாளர் வேலை போடுங்கள், மாதச் சம்பளம் கொடுங்கள், எல்லாச் சாதிக்காரனும் விண்ணப்பிக்கட்டும். அப்போது தெரியும் யார் வயிறு யார் வயிறு என்று.

நான் சண்டைக்கு நிற்பது இந்த இரண்டு பேரோடு மட்டும் இல்லை. கடிதத்தோடு காரியம் முடிந்தது என்று நினைக்கிறவர்களோடுதான் முக்கியமாக. தமுக்கு போனது, தமுக்கு போன பாதை போகவில்லை. ஒலிபெருக்கி வண்டி இப்போது அதே தெருக்களில்தான் போகிறது. தார்ச்சாலை முடிகிற இடத்தில் திரும்பிவிடுகிறது. தார்ச்சாலை எங்க தெருவுக்கு முன்னாலேயே முடிகிறது. அறிவிப்புப் பலகை ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்குகிறது. வேலையத்துப்போய் அங்கே நின்று எங்க பெண்கள் பலகை படிக்க முடியுமா? 'என்னத்தா இங்க நிக்கிற' என்று கேள்வி வரும். பிறகு வாட்சப் குழு. எங்க ஊரில் ஊராட்சிக்கென்று ஒரு குழு இருந்தது. எங்க தெருவில் யாரும் அதில் இல்லை. கேட்டால் நம்பர் நிறைய ஆகிவிட்டது என்றார்கள். முன்னால் எங்க ஆள் ஒருத்தராவது சேதியை வாயால் சொன்னார். இப்போது அதுவும் இல்லை.

கிராம சபைக்கு வருவோம். 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர். வரவு செலவைக் கேட்கலாம், பயனாளிப் பட்டியலைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். முன்பு ஆண்டுக்கு நாலு கூட்டம். 2022 முதல் ஆறு: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாளைக்கு முன்பே அறிவிக்க வேண்டும். கோயில், சர்ச்சு, பள்ளிவாசல் வளாகங்களில் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சுற்றறிக்கை போகிறது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. அரசியல் சட்ட அவையில் 1948 நவம்பர் 4ஆம் நாள் அம்பேத்கர் பேசியபோது ஊரைப் போற்றியவர்களைப் பார்த்துத்தான் சீறினார். ஊரை அலகாக எடுக்காமல் தனி மனிதரை அலகாக எடுத்ததற்கு மகிழ்ந்தார். அவர் பயந்தது எதற்கு என்று எங்க ஊர்க் கிராம சபையில் வந்து அரைமணி நேரம் நின்றால் விளங்கும். நூறு நாள் வேலைக்குப் போகிற எங்க பெண்களை எண்ணிக்கைக்காகக் கூட்டிப் போவார்கள். நோட்டில் கையெழுத்து. முன்வரிசை நாற்காலி நிறைந்ததும் இவர்கள் ஓரத்தில் மர நிழலில். கணக்கு வாசிக்கிறது முன்வரிசைக்கே கேட்காது. அரைமணியில் தேநீர். இதைத்தான் சாட்சி என்கிறார்கள். அன்றைக்கு எங்க அய்யா ரேகை, இன்றைக்கு எங்க மதினிமார் கையெழுத்து.

தனித் தொகுதி வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வந்தது. மேலவளவில் என்ன நடந்தது? 1996இல் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரு வரிச் சேதி போதுமாக இருந்தது. மிரட்டல், தீவைப்பு, வாக்குப்பெட்டி பறிப்பு. எல்லாவற்றையும் தாண்டி முருகேசன் தலைவரானார். 1997 சூன் 30, மாவட்ட ஆட்சியரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பேருந்தில் அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், எங்க மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். இந்த நாலு ஊரிலும் 1996 தொடங்கிப் பத்து வருசம் தேர்தல் அறிவிப்பு வரும், மனு வராது. மனு வந்தால் ஆள் தங்க மாட்டார். தங்கினால் பதவி ஏற்ற கையோடு விலகல் கடிதம். 2006இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. அரசிதழில் அச்சான ஒரு சேதியை ஊர் பத்து வருசம் காதில் வாங்காமல் இருக்க முடிந்தது, யாரும் சிறை போகாமல். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. அதே வருசம் ஆகஸ்டு 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. ஆட்சியர் நேரில் வந்து ஐந்து நாள் கழித்து ஏற்ற வைத்தார். நாற்காலி யாருக்கு, கொடிக்கயிறு யார் கையில் என்பதும் ஊராட்சிச் சேதிதான், அதை ஊர் வாயால் அறிவிப்பதில்லை.

எங்க பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஞாபகம் உள்ளவர்கள் குறைந்துவருகிறார்கள். 1997 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பேரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். பேருந்து நெற்றியில் அந்தப் பேர். அது நகரும் அறிவிப்புப் பலகை மாதிரிதானே. அந்தப் பேர் போட்ட வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். ராசபாளையம், திருவில்லிப்புத்தூர் பக்கமெல்லாம் கலவரம் பரவியது. சூலையில் அரசாங்கம் என்ன செய்தது? எல்லாத் தலைவர் பேரையும், மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. எல்லாரையும் சமமாக எடுத்தார்களாம். எங்க பேர் தெருவில் ஓடியது இரண்டு மாதம்.

சரி, அரசாங்கத்தையும் ஊரையும் திட்டியாகிவிட்டது. இனி நம்ம பக்கம்.

1893இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' என்று பேர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். மாதம் ஒன்றாக வந்தது, சில மாதத்திலேயே வாரம் ஒன்றாக ஆனது. 1907இல் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று வார இதழ் கொண்டுவந்தார், புதன்கிழமைதோறும். தத்துவமும் வரலாறும் மட்டுமா அதில்? ஊர் ஊராக நம்ம சனம் எழுதிய கடிதங்கள், மழை, விலைவாசி, நகரசபைச் சுகாதாரம், அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஊருக்குச் சேதி சுமந்த சனம் தனக்கென்று வாரா வாரம் சேதி அச்சடித்தது, நூறு வருசத்துக்கும் முன்னால். 1924இல் அதே சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் பொதுச் சாலையும் கிணறும் நமக்கும் உண்டு என்று அரசாணை வந்தது. அந்த ஆணை எத்தனை ஊரில் தமுக்கடித்துச் சொல்லப்பட்டது? எங்க அய்யாவுடைய அய்யா அடித்திருப்பாரா அந்தச் சேதியை? அடித்திருந்தால் வீட்டில் கதையாகவாவது இருந்திருக்கும். இல்லை.

எங்க பக்கம் எழுத்துக்குப் பஞ்சமான பூமியும் இல்லை. கூமாப்பட்டிக்கும் எங்க ஊருக்கும் கிட்டத்தில்தான் புதுப்பட்டி. பாமா அங்கே பிறந்தவர், 1992இல் 'கருக்கு' எழுதினார். அவர் அண்ணன் ராஜ் கௌதமன், 2024 நவம்பரில் நம்மை விட்டுப் போனவர், தலித் பண்பாடு பற்றி அவரை வாசிக்காமல் பேச முடியாது. இந்த மண்ணிலிருந்து இவ்வளவு வந்திருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் சொந்த ஊர் ஊராட்சித் தீர்மான நோட்டைக் கையில் தொட்டிருக்கிறோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பதினைந்து வருசம் கருத்தரங்குகளுக்குப் போயிருக்கிறேன். விளிம்பு, மையம், கதையாடல், கலகம், அத்தனையும் பேசியிருக்கிறேன். எங்க தெருத் தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று மதுரையில் கட்டுரை வாசித்த அன்றைக்கு எங்க ஊரில் கிராம சபை கூடிப் பசுமை வீட்டுப் பட்டியலை முடித்துவிட்டார்கள். எங்க தெருப் பேர் ஒன்றுகூட அதில் இல்லை. ஊருக்குத் திரும்பி இறங்கியபோது தங்கச்சி கேட்டாள், 'அங்க போயி அதிகாரத்தப் பத்திப் பேசினீங்களாமே அண்ணே?' என்று. சும்மாதான் கேட்டாள். அதற்குப் பிறகு நான் கருத்தரங்குக்குப் போவது குறைந்தது.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ராசபாளையத்திலும் திருவில்லிப்புத்தூரிலும் கல்லூரி படிக்கிற எங்க தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து இரவுப் பள்ளிச் சுவரில் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பலகையாக்கினார்கள். சனிக்கிழமை ராத்திரி எழுதுவார்கள். அந்த வாரம் ஊராட்சியில் என்ன வேலை, யாருக்கு ஒப்பந்தம், எவ்வளவு தொகை, எந்தத் தெருவில் விளக்கு மாற்றினார்கள், கிராம சபை எப்போது, எங்கே. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4 கேட்காமலே தெரியப்படுத்த வேண்டும் என்கிறது. இவர்கள் கேட்டும் வாங்கினார்கள். தெரியாததை மறைக்கவில்லை. முதல் வாரப் பலகையில் ஒரு வரி இப்படி இருந்தது: 'மேல்நிலைத் தொட்டி கழுவிய நாள்:' அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை, வெறும் கோடு. நாலு வாரம் அந்தக் கோடு அப்படியே நின்றது. ஐந்தாம் வாரம் தொட்டி கழுவ ஆள் வந்தது.

உடனே ஊரில் கேள்வி. யாரைக் கேட்டு எழுதுறாங்க? ஊராட்சிச் சேதியை எழுத இவனுக யாரு? ஒருநாள் விடிகாலையில் பலகை முழுக்கத் தார். பிள்ளைகள் மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்திருந்தது. தமுக்கைத் தோளில் மாட்டி, எங்க வாயால் ஊருக்குச் சேதி சொன்னபோது யாரைக் கேட்டுச் சொல்றே என்று ஒருத்தனும் கேட்டதில்லை. அதே சேதியை எங்க சுவரில் எங்களுக்கு எழுதினால் கோபம் வருகிறது.

2025 சனவரி 5ஆம் நாளோடு எங்க மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. 2016க்குப் பிறகும் மூன்று வருசம் இப்படித்தான் தேர்தல் இல்லாமல் ஓடியது. தலைவர் என்று ஒருத்தர் இருந்தாலாவது வழிமறித்துக் கேட்கலாம். கோப்பை யாரிடம் போய்க் கேட்பது? இந்த நேரத்தில்தான் பலகை இன்னும் வேண்டும், எங்க தெருவுக்கு மட்டும் இல்லை. கல்லூரிப் பிள்ளைகளே, ஆய்வு எழுதுகிறவர்களே, உங்க தெருவில் ஒரு சுவர் இருக்கும். சாக்குக்கட்டி விலை உங்களுக்குத் தெரியும். கிராம சபையை எங்க தெருவில் ஒருமுறை கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அழைப்பைக் குடியிருப்புக்குக் குடியிருப்பு ஒட்ட வேண்டும், ஒட்டியதைப் படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். மறுத்தால் மறுத்ததைப் பலகையில் எழுதுங்கள்.

எங்க பலகையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கச்சி மகள் உரக்க வாசிக்கிறாள். படிக்கத் தெரியாத கிழவிகள்தான் முதலில் வந்து உட்காருகிறார்கள். எங்க அம்மாவும் வருவாள். காது சரியாகக் கேட்காது, முன்னால் உட்காருவாள். போன மாதம் வாசித்து முடித்ததும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். 'ஒங்கய்யா ஒரு நம்பரு சொன்னாரேடா, அன்னைக்கு, தமுக்கடிச்சு. அது என்ன நம்பருன்னு பாத்து இதுல எழுதச் சொல்லு' என்றாள்.

அய்யா செத்துப் பல வருசம். அந்த நம்பர் எங்க யாருக்கும் நினைவில் இல்லை. அந்த இடத்தின் பழைய அடங்கலும், விட்டுக் கொடுத்த கோப்பும், ரேகை வைத்த அந்தத் தாளும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறோம். பத்து ரூபாய் வில்லை ஒட்டி, ஒப்புகைச் சீட்டோடு. முப்பது நாள் கெடு. பலகையில் இந்த வாரம் எழுதியிருக்கிறது: 'புறம்போக்கு சர்வே நம்பர்:' பக்கத்தில் ஒரு கோடு.